துண்டும் தோட்டத் தொழிலாளியும்

துண்டு என்றவுடன் தோளிற் கிடக்கும் துணியை நினைப்பவர் இக்காலத்தவர். 100 ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கையின் மலைநாட்டிலே அச்சொல் வேறொன்றைக் குறித்தது. அது தோட்டத்துரை கையொப்பமிட்டுக் கங்காணியிடம் கொடுக்கும் ஒரு சிறு தாள். இன்ன கங்காணியின்கீழ் இத்தனை ஆட்கள் உளர், அவர்களுக்குள்ள கடன் இத்தனை ரூபா, அத்தொகை செலுத்தப்படின் அவர்கள் விடுவிக்கப்படுவர். அத்தாளின் பொருள் இவ்வளவே. ஆயினும், கடல் கடந்து வந்த எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு அதற்குள் அடங்கியிருந்தது.

கோப்பி விளைந்த காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பினர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்களுள் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களிலே தங்கின. பருவக் கூலியின் கடன் பருவத்தோடு தீரக்கூடும். தங்கிவிட்டவனின் கடனோ அவனுடனேயே தங்கிவிட்டது.

அக்கடன் பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. ஊரிலே ஆள் திரட்டக் கங்காணிக்குத் துரை முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, உணவு, ஊர்க்கடன் தீர்த்த தொகை யாவும் தொழிலாளியின் பேரில் ஏறும். தோட்டத்துக்கு வந்தபின் கொடுத்த அரிசியின் விலை சம்பளத்திற் கழியும். கணக்கு கங்காணியிடம் இருந்தது. எழுத்தறியாதவன் அதை எவ்வாறு சரிபார்ப்பான்? அன்றியும், தன் ஆட்கள் வேலைக்கு நின்ற நாட்களைப் பொறுத்துக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. காய்ச்சலாற் படுத்தவனைப் பிரட்டுக்களத்துக்கு இழுத்து வருவதில் அவனுக்கு ஊதியம் உண்டு என்பது இதனாற் புலனாகும்.

ஆட்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது துண்டின் மதிப்பு உயர்ந்தது. கங்காணி துண்டைப் பெற்றுக்கொண்டு அயற்றோட்டங்களுக்குச் செல்வான். கடனைத் தீர்த்து, அதற்குமேலும் முன்பணம் தரும் துரைக்கு ஆட்கள் கைமாறுவர். மேலதிகப் பணம் போய்ச் சேர்ந்தது கங்காணியின் மடியில். கடன் ஏறியது தொழிலாளியின் தலையில். கங்காணியைக் கொடியவன் என்று ஏசிவிட்டு அமைவது எளிது. அவனும் பலவேளைகளில் அதே ஊரினன், உறவினன். பணத்தைப் போட்டி போட்டுக் கொடுத்தவர் தோட்டத்துரைமாரே.

சட்டத்தின்படி தொழிலாளி மாதக் கூலியாள். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து அவன் விலகலாம். ஆயினும், துண்டில்லாதவனுக்கு அடுத்த தோட்டத்தில் இடங்கிடைப்பது அரிது. அறிவித்தலின்றி ஓடினாலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அவனைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பியது. கூலி ஒப்பந்தத்தை மீறியமைக்குச் சிறைத்தண்டனை! கடன்பட்ட கனவான் எவனுக்கும் அக்காலத்தில் இவ்வளவு விரைவாகச் சிறைக்கதவு திறந்ததில்லை.

இந்த அநீதியை எடுத்துரைத்தவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பின்னர் 1919இல் தொழிலாளர் நலனுக்கெனச் சங்கமொன்றை நிறுவி, தொழிலாளரைச் சிறையிடும் விதிகளை நீக்குமாறு அவர் வாதாடினார். 1921இல் அவ்விதிகள் நீக்கப்பட்டன. அதே ஆண்டிலே துண்டு கொடுப்பதையும் தடைசெய்து 43ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகளால், ஆள் திரட்டும் செலவைத் தொழிலாளியிடம் அறவிடுவதும் நின்றது.

சட்டம் வந்தது, சம்பளம் உயரவில்லை. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமே குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிசெய்தது. உயர்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என அதன்கீழ் விதிக்கப்பட்டன. தேயிலையின் உயிர் கொழுந்து; கொழுந்து பறிப்பதோ பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு ஏன் 11 சதம் குறைய வேண்டும் என்பதற்குத் தக்க விடை எவரும் கூறவில்லை. ஆண்பெண் சம்பளம் சமமாக 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

துண்டு ஒழிந்தபின் மற்றொரு தாளுக்குத் தொழிலாளர் அஞ்சினர். வேலையினின்று நீக்கும்போது துரை கொடுப்பது. தோட்டத்து வழக்கிலே பற்றுச்சீட்டு எனப்பட்டது. 1931இல் கோ. நடேச ஐயர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் அமைத்த காலத்தில், சங்கத்தில் சேர்ந்தவனை இத்தாள் தேடிவரக்கூடும் என்ற அச்சம் லயங்களிலே நிலவியது. அதற்குக் காரணம் உண்டு. லயத்து அறை வேலையோடு சேர்ந்தது. பற்றுச்சீட்டைப் பெற்றவன் வேலையை மட்டும் இழக்கவில்லை. சட்டிபானைகளையும் கட்டிக்கொண்டு, பிறந்து வளர்ந்த அறையை விட்டு இறங்க வேண்டியவனானான்.