மேரி மாளிகையும் மாசி மகமும்



புதுச்சேரி நகருக்கு இரண்டு நாட்காட்டிகள் உண்டு. ஒன்று மக்கள் கையில் இருப்பது. மாசி மகத்துக் கடலாட்டு, வில்லியனூர்த் தேர், ஆடி மாதத்து வீராம்பட்டினத் தேர், ஜூலைத் திங்களில் கடற்கரையோரம் செல்லும் விளக்கு ஊர்வலம், ஐப்பசியில் வரும் தீபாவளியாகிய வர்த்தமானர் வீடுபேற்று நாள் என அது ஆண்டுதோறும் தன் வழியே புரண்டு செல்லும். மற்றொன்று அலுவலகங்களில் இருப்பது. மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, நிதி ஒதுக்கீடு, அடிக்கல், திறப்பு விழா என்பன அதன் திருநாள்கள். முதல் நாட்காட்டி ஒரு நாளும் தவறுவதில்லை. இரண்டாவது அடிக்கடி தவறும். எனினும், இந்நகரின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு முன்னது பின்னதை நம்பியே நிற்பது புலனாகும். தேர் ஓடத் தெரு வேண்டும். தெய்வத் திருமேனிகள் நீராடக் கரை வேண்டும். கூடும் மக்கள் பருகத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீரிலிருந்தே தொடங்குவது முறை. பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறமாக நிற்கும் ஆயி மண்டபத்தை அறியாதார் இரார். புதுச்சேரி அரசின் இலச்சினையில் இடம்பெற்றிருப்பதும் அதுவே. ஆயி என்னும் கணிகை ஒருத்தி வாழ்ந்த மாளிகையின் விளக்கொளியைக் கண்டு, அது கோயில் என்று கருதி வேந்தர் கைகூப்பினார் என்றும், உண்மை தெரிந்ததும் சினந்து மாளிகையை இடிக்க ஆணையிட்டார் என்றும், ஆயி தானே அதனை இடித்து அவ்விடத்தில் ஊர் மக்களுக்காகக் குளம் வெட்டினாள் என்றும் வழிவழியாகக் கதை வழங்குகிறது. அவ்வேந்தர் கிருஷ்ணதேவராயர் என்பர். பிற்காலத்தில், பிரான்சு நாட்டை மூன்றாம் நெப்போலியன் ஆண்டபோது, முத்திரையர்பாளையத்து ஊற்று நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாகவே மண்டபம் எழுந்தது. நீரைக் கொண்டுவந்த பொறியாளர்க்கோ ஆணையிட்ட பேரரசர்க்கோ அது பெயராகவில்லை; குளம் வெட்டிய பெண்ணின் பெயரே நிலைத்தது. ஒரு நகரத்து நீர்த்திட்டத்தின் நினைவுச் சின்னம் ஒரு கணிகையின் பெயர் தாங்கி, அதுவே ஓர் அரசின் முத்திரையாகவும் விளங்குவது வேறெங்கும் எளிதில் காணக் கிடையாத சிறப்பு.

அந்த நீர் இன்று எந்நிலையில் உள்ளது? நகரின் குடிநீர் இன்றும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளது. கரையோரப் பகுதிகளில் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்ப்பாகி வருவதை இல்லத்தரசியர் எந்த ஆய்வறிக்கையும் படிக்காமலே அறிவர். பருப்பு வேகாமையும் பாத்திரத்தில் படியும் வெண்மையும் அதனைச் சொல்லிவிடும். நீரை வடித்துப் பருகுதலை அறமாகவே கொண்ட குடும்பங்கள் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரங்களிலிருந்து வந்து இந்நகரில் குடியேறியுள்ளன. வெண்துணியால் வடித்தால் சிற்றுயிர் நீங்கும், உப்பு நீங்காது.

இனி மாசி மகம். மாசித் திங்கள் மக நாளன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் கூடும் கூட்டத்துக்கு அழைப்பிதழ் இல்லை. நகரத்துக் கோயில்களிலிருந்து மட்டுமன்றி, மயிலத்து முருகப்பெருமான் உள்ளிட்ட வெளியூர்த் திருமேனிகளும் அங்கு எழுந்தருளுகின்றன. வந்து சேரும் தெய்வங்களுக்கும் வழிபடுவோர்க்கும் நிற்க இடம் வேண்டுமல்லவா? அந்த இடம் மணலால் ஆனது. மணலோ நடமாடும் பொருள். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில், தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஒரு பகுதி தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. கரை என்பது இவ்வாறு போவதும் வருவதுமான மணலின் இருப்புக் கணக்கேயாம்.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பெற்றன. தெற்கிலிருந்து வந்த மணல் அச்சுவரில் முட்டி நின்றது. சுவரின் தெற்கே உள்ள வீராம்பட்டினத்தின் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்துக் கடற்கரை மணலிழந்தது. கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என அக்கல்லணை வடக்கு நோக்கி நீண்டது. காந்தி சிலைக்கு எதிரே சிறுவர்கள் மணலில் விளையாடியதைப் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குக் கடற்கரை என்றால் கல் என்றே பொருளாயிற்று.

இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளியன்று ஓடுகிறது. பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேருக்கும் அவ்வழக்கம் உண்டு. சமயம் வேறு, மொழி வேறு, நிறம் வேறு ஆன ஆளுநர் ஒருவர் மக்களோடு நின்று கயிற்றைப் பற்றுவது நாடகமாகவே இருந்திருக்கலாம். எனினும் அந்நாளில் தெருவைச் செப்பம் செய்தாக வேண்டிய கடமை அவர்க்கு இருந்தது. ஆடித் தேரின் கரையும் மாசி மகத்தின் கரையும் ஒரே கடலின் ஒரே மணலால் ஆனவை. இடையே கட்டிய ஒரு சுவர் ஒன்றுக்குக் கொடுத்து மற்றொன்றிடமிருந்து பறித்துக்கொண்டது. வரைபடம் வரைந்தவர்களின் மேசையில் இவ்விரு திருநாள்களில் எதுவும் இருந்திருக்க வழியில்லை.

பின்னர் அதற்கு மாற்றும் காணப்பட்டது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு அருகே, நீருக்கடியில் ஆப்பு வடிவான எஃகு அமைப்பு ஒன்றை 2018, 2019 ஆண்டுகளில் நிறுவினர். அலையின் வேகம் தணிந்தது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலும் கரைக்குத் திரும்பியது. பல்லாண்டுகளுக்குப் பின் காந்தி சிலையருகே மீண்டும் மணற்பரப்பு தோன்றியது. மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளுக்கு அடைக்கப்படும் அச்சாலையில் உலவுவோர் மணலில் இறங்கி நடக்கின்றனர். பாராட்டத்தக்க பணி இது. ஆனால் அரிப்போ நின்றுவிடவில்லை. வடக்கேயுள்ள மீனவர் குப்பங்களை நோக்கி நகர்ந்தது. ஒரு தெருவில் அடைத்த வெள்ளம் அடுத்த தெருவில் ஏறுவது போன்றதே இது.

ஜூலைத் திங்களில் இரண்டு நினைவுகள் வருகின்றன. பிரான்சின் தேசிய நாளுக்கு முன்னாள் இரவு விளக்கேந்திய ஊர்வலம். மறுநாள், 1938-இல் திறக்கப்பட்ட போர்வீரர் நினைவுச் சின்னத்தில் மலர் வணக்கம். அம்மாதக் கடைசியில், 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் மாண்ட பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்களின் நினைவு நாள். எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை அவர்தம் குருதியால் கிடைத்தது. ஒரே மாதத்தில் இரண்டையும் நினைக்கும் நகரம் தன் வரலாற்றின் எந்தப் பக்கத்தையும் கிழித்தெறியவில்லை என்பது போற்றத்தக்கது.

நகராட்சியின் கதையே இவ்வுரையின் நடுவிடம். பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் 1880-ஆம் ஆண்டு ஆணையால் நகராட்சிகள் தோன்றின. வாக்காளர் பட்டியல்கள் ஐரோப்பியர்க்கும் இந்தியர்க்கும் தனித்தனியே பிரிக்கப்பட்டிருந்தன. அதைச் சமன்மை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் மேயர் என்றொருவர் இருந்தார். மன்றம் என்றொன்று கூடிற்று. கடற்கரைச் சாலையில் 1870-71-இல் கட்டப்பெற்ற மாளிகை அதன் இருப்பிடமாயிற்று. பிரெஞ்சு மொழியில் நகராட்சி இல்லத்துக்கு மேரி என்று பெயர். ஊரார் வாயிலும் அது மேரி கட்டடம் என்றே வழங்கிற்று.

அந்த மன்றங்களின் உயர்ந்த நாள் 1954-இல் வந்தது. மார்ச்சுத் திங்களில் புதுச்சேரி நகராட்சியும் சுற்றுவட்டாரக் கொம்யூன்களும் இந்தியாவோடு இணைய வேண்டும் எனத் தீர்மானம் இயற்றின. அக்டோபர் 18 அன்று கீழூரில், பிரதிநிதிகள் சபை உறுப்பினரும் நகராட்சி உறுப்பினருமாக 178 பேர் வாக்களித்தனர்; 170 பேர் இணைப்பை ஏற்றனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இணைப்பு நிறைவுற்றது. புதுச்சேரியின் விடுதலைக்குக் கை உயர்த்தியவர்களில் பெரும்பாலோர் தெரு விளக்கையும் சாக்கடையையும் பற்றிப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே. இது பாடநூல்களில் போதிய அழுத்தம் பெறவில்லை.

விடுதலைக்குப் பின் 1968-இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-இல். இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள்! 2006-இல் வந்த மன்றத்தின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேர்தலுக்கு நாள் குறிக்கப்பட்டும், இடஒதுக்கீடு பற்றிய வழக்கினால் நடைபெறாது நின்றது. ஆணையர் இருக்கிறார்; அலுவலர் இருக்கின்றனர்; அவர்களில் கடமையுணர்ந்து உழைப்போரும் உளர். வார்டுக்கு ஒருவராக, தெருக்கோடியில் நிறுத்திக் கேட்கத்தக்க உறுப்பினர் மட்டும் பத்தாண்டுக்கும் மேலாக இல்லை.

மன்றம் கலைந்த மூன்றாம் ஆண்டில் மாளிகையும் கலைந்தது. 2014 நவம்பர் 29 அன்று, கார்த்திகை அடைமழையில், மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. நூற்று நாற்பது ஆண்டுகளைக் கடந்த சுண்ணாம்புச் சுவர்கள் பராமரிப்பின்றி நீரை உறிஞ்சி நின்றன, அன்று தாங்கவில்லை. பின்னர் உலக வங்கியின் கடனுதவியுடன், ஏறத்தாழ 15 கோடி ரூபாய்ச் செலவில், பழைய வடிவிலேயே அது மீண்டும் எழுப்பப்பட்டு 2021 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. தூண்களும் வளைவுகளும் முன்போலவே அழகுற நிற்கின்றன. கடலைப் பார்த்து நிற்கும் அந்த மாளிகையைச் சுற்றுலாப் பயணியர் படம் எடுத்துச் செல்கின்றனர். மேயரின் இல்லம் எழுந்துவிட்டது, மேயரைத்தான் காணவில்லை.

இது வெறும் மன வருத்தத்துக்குரிய செய்தியன்று என்பதை மழை காட்டியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் 48.4 செ.மீ. மழை பதிவாயிற்று. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்துணை மழைக்கு எந்த வடிகாலும் ஈடுகொடுத்திராது என்பது நேர்மையான கூற்று. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே அத்தெருக்கள் நிறைவதை அங்குள்ளோர் அறிவர். பெரிய வாய்க்கால், உப்பனாறு வாய்க்கால், வெள்ளவாரி வாய்க்கால் ஆகியவை நகரத்து நீரைக் கடலுக்குக் கடத்தும் நரம்புகள். அவற்றின் குறுக்கே எங்கே கட்டடம் நீட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே நெகிழிப்பை அடைத்திருக்கிறது, எந்தச் சிறுபாலத்தடியில் மண் மேவியிருக்கிறது என்பதெல்லாம் அத்தெருவில் வாழ்வோர்க்கே தெரியும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவர் வார்டு உறுப்பினர். 2017-இல் பொலிவுறு நகரத் திட்டத்தில் புதுச்சேரி சேர்க்கப்பட்டபோதும் இக்குறை தீரவில்லை. பெரிய மார்க்கெட்டைப் புதுப்பிப்பது பற்றி வணிகர்களுக்கும் அரசுக்கும் எழுந்த நீண்ட பிணக்கும், நடுவே நின்று பேச ஒரு மன்றம் இல்லாததால் கடினமாயிற்று என்றே கொள்ளலாம்.

தேர்தல் எப்போது வரும் என்பது நீதிமன்றமும் அரசும் முடிவு செய்ய வேண்டியது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. துறவியர் நடைப்பயணம் நிறுத்தி ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசம் ஆடியில் தொடங்குகிறது. மழையில் பெருகும் சிற்றுயிர்கள் காலடியில் மடியக் கூடாது என்பது அதன் கருத்து. இல்லறத்தார் மழைக்கு ஆயத்தம் செய்வதற்கும் அதுவே பொருத்தமான பருவம். ஆனி முடிவதற்குள் ஒவ்வொரு குடும்பமும் தன் தெருவின் வடிகால் அடைப்புகளையும் எரியாத விளக்குகளையும் குழாயில் உவர்நீர் வரும் வீடுகளையும் ஒரு தாளில் எழுதி, இடம், நாள், கையொப்பத்தோடு அறக்கட்டளையில் சேர்க்கலாம். அவற்றைத் தொகுத்து ஆணையரிடம் நேரில் அளித்து, ஒப்புகைச் சீட்டுப் பெற்று வைக்கலாம். புரட்டாசியில் ஒருமுறை போய்ப் பார்த்து, முடிந்த பணி எது, முடியாதது எது என்று அதே தாளில் குறிக்கலாம். இளைஞர் இருவர், ஒரு மிதிவண்டி, ஒரு குறிப்பேடு போதும். ஐப்பசி பிறக்கும்போது அந்தக் குறிப்பேட்டின் ஒரு படி அடுத்த ஆண்டு மலர்க் குழுவினர் கைக்கும் வர வேண்டும்.