செம்பும் தேயிலைக் கொழுந்தும்

தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டப்பட்ட பசுங்கொழுந்து, சில மணி நேரத்துள் செம்பு நிறம் பெறுகின்றது. அம்மாற்றத்தை நிகழ்த்துவதும் செம்பே என்பதைப் பலர் அறியார்.

உருட்டும்போது கொழுந்தின் கலங்கள் சிதைய, அவற்றிலுள்ள கற்றெச்சின் என்னும் பொருள்கள் ஒரு நொதியத்தோடு கலக்கின்றன. அந்நொதியத்தின் நடுவே இரண்டு செம்பு அணுக்கள் உள. ஒவ்வோர் அணுவையும் இசுத்திடீன் என்னும் அமினோவமிலத்தின் மூன்று கூறுகள் பற்றிநிற்கின்றன. அவ்வணுக்கள் வளியின் ஒட்சிசனைக் கவர்ந்து கற்றெச்சின்களை ஒட்சியேற்றுகின்றன, தாம் குன்றுவதில்லை. இத்தகையனவே ஊக்கிகள் எனப்படும்.

பச்சைத் தேயிலை செய்வோர் கொழுந்தை முதலிலேயே ஆவியில் அவிப்பது எதற்காக? வெப்பத்தால் புரதம் குலைகின்றது. செம்பு இருந்தும் வினை நிகழ்வதில்லை. ஆகவே ஆற்றல் செம்பில் மட்டுமன்று, அதனைப் பற்றிநிற்கும் அமினோவமிலங்களின் ஒழுங்கிலும் உண்டு.

இரசாயன அறிஞர் இதனைப் பாடமாகக் கொண்டனர். அமினோவமிலங்களிலிருந்து ஆக்கிய சிறு மூலக்கூறுகளாற் செம்பைப் பிணைத்து, ஒட்சியேற்ற ஊக்கிகளை அமைக்கின்றனர். குரோமியச் சேர்வைகளைக் கொண்டு ஒட்சியேற்றினால் நச்சுக்கழிவு எஞ்சும். செம்பு ஊக்கியோடு ஐதரசன் பேரொட்சைட்டைப் பயன்படுத்தினாலோ, அப்பேரொட்சைட்டிலிருந்து எஞ்சுவது நீரே. ஆயினும் இச்சிறு ஊக்கிகளுட் பல, வினையின் போக்கிலே தாமும் சிதைந்துவிடுகின்றன. அக்குறையை நீக்குவதே ஆய்கூடத்தின் முன்னுள்ள பணி. அதற்குரிய ஆசான், மலைச்சரிவில் நிற்கும் தேயிலைச் செடியே.