முப்பது பேர் உயிரோடு திரும்பினார்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் உன் தொழிலைப் பற்றிப் பேசுப்பா" என்றார் செயலாளர். கான்கிரீட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினால் பாதிப் பேர் இப்போதே பந்திக்குப் போய்விடுவீர்கள். தவிரவும், இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஒரு தீர்மானம் இருக்கிறது. நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரர்கள் நினைவாக நம் வளாகத்தில் ஒரு கல் நடுவது. அதை ஒட்டி ஒரு மனிதரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்.

2020 ஜூன் 15 இரவு. நாமெல்லாம் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்த காலம். கிழக்கு லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்களுக்கும் சீன வீரர்களுக்கும் கைகலப்பு. ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை. கல், தடி, ஆணி அடித்த இரும்புக் கம்பி. நம் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். 16-வது பிஹார் பட்டாலியனின் தளபதி கர்னல் சந்தோஷ் பாபு அவர்களில் ஒருவர். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி இன்னொருவர். பழனியின் படத்தை அன்றைக்குத் தமிழ்ப் பேப்பர்கள் எல்லாம் போட்டன. நம்ம பக்கத்துப் பிள்ளை, மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

நான் சொல்ல வந்தவர் மூன்றாமவர். நாயக் தீபக் சிங். மத்தியப் பிரதேசம், ரேவா மாவட்டம். அதே 16 பிஹாரில் நர்சிங் அசிஸ்டெண்ட். அவர் வேலை சுடுவது இல்லை. அடிபட்டு விழுந்தவனிடம் ஓடிப் போய் ரத்தத்தை நிறுத்துவது.

அவருக்கு வீர் சக்ரா கொடுத்தபோது அரசு வெளியிட்ட குறிப்பில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோதல் முற்றி, காயம்பட்டவர்கள் எண்ணிக்கை ஏற ஏற, அவர் முன்வரிசைக்கே போய்விட்டார். கல்வீச்சில் அவருக்கும் பலத்த அடி. அதற்குப் பிறகும் கட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. 30-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார். கடைசியில் அந்தக் காயங்களாலேயே இறந்தார். சிவ் அரூரும் ராகுல் சிங்கும் 2022-ல் எழுதிய நூல் ஒன்றில், அவர் அடிபட்ட சீன வீரர்களுக்கும் கை கொடுத்தார் என்று வருகிறது. 1949-ன் ஜெனீவா ஒப்பந்தங்கள், போர்க்களத்தில் மருத்துவப் பணி செய்பவரைத் தாக்கக்கூடாது, காயம்பட்டவன் எந்தப் பக்கத்தவன் ஆனாலும் கவனிக்க வேண்டும் என்கின்றன. இரண்டு நாடுகளும் அதில் கையெழுத்திட்டவைதான். அந்த இருட்டில் அதை ஒருத்தர் தன் பங்குக்குக் காப்பாற்றினார்.

இந்த வேலை என்ன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. என் சித்தப்பா லக்னோவில் பயிற்சி முடித்து இருபது வருஷம் ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்தவர். ஊரில் அவரைக் 'கம்பவுண்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். "துப்பாக்கி பிடிச்சியா, ஊசி போட்டியா?" என்று கல்யாண வீட்டில் கேலி வேறு. அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். எனக்குத்தான் கோபம் வரும்.

அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு பட்டாலியனுக்கு ஒரு டாக்டர். அவர் பின்னால் முதலுதவி நிலையத்தில் இருப்பார். விழுந்தவனுக்கும் அந்த டாக்டருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடப்பதுதான் நர்சிங் அசிஸ்டெண்டின் உத்தியோகம். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். அதற்குள் அழுத்த வேண்டும், இறுக்கிக் கட்ட வேண்டும், மூச்சுப் பாதை அடைக்காமல் பார்க்க வேண்டும், உடம்புச் சூடு இறங்காமல் போர்த்த வேண்டும். கல்வானில் உயரம் ஏறக்குறைய 14,000 அடி. காற்றில் ஆக்சிஜன் குறைவு. பக்கத்தில் பனி உருகி ஓடும் ஆறு. அதில் விழுந்தவர்களும் உண்டு. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. நம்ம ஊரில் நிற்கக்கூடிய ரத்தம் அங்கே நிற்காது. அந்த நிலைமையில், இருட்டில், மேலே கல் விழுந்துகொண்டிருக்க, முப்பது பேர். ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் இன்ஜினியர்கள், கணக்கு நமக்குப் புரியும்.

நம்ம ஊர் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் போர் நினைவுச் சின்னத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1938-ல் திறந்தது. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய்த் திரும்பாத பிரெஞ்சிந்தியர்களுக்கானது. ஜூலை 14 வந்தால் விளக்குப் போடுவார்கள், சொல்தா குடும்பத்துப் பெரியவர்கள் மெடல் குத்திக்கொண்டு வருவார்கள். அதில் பொறித்திருக்கும் பிரெஞ்சு வார்த்தை 'கொம்பத்தான்', அதாவது போர் புரிந்தவர்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கினவன் அந்த வார்த்தைக்குள் வருவானா, மாட்டானா? எனக்கு எப்போதும் இந்தச் சந்தேகம் உண்டு. வந்தாலும், படிப்பவர் மனதில் எழும் உருவம் துப்பாக்கியோடுதான் எழும்.

தமிழனுக்கு நடுகல் புதிது இல்லை. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் துறை பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் புறநானூற்றில் 281-ஆம் பாட்டு என்று ஒன்று உண்டு, அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டு வந்தவனை வீட்டுப் பெண்கள் பேணிக் காக்கிற பாட்டு. நம் பள்ளிப் பாடத்தில் விழுப்புண்ணைத்தான் படித்தோம். அந்தப் புண்ணுக்கு மருந்திட்ட கையை யாரும் பரீட்சையில் கேட்கவில்லை.

இன்ஜினியரிங் கல்லூரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு அண்ணன் முகத்தில் எழுதியிருக்கிறது. சொல்கிறேன். கொரியப் போருக்கு இந்தியா படை அனுப்பவில்லை, 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைவர் லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம்ம தமிழ் டாக்டர். 1950 டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்குகிறார்கள். இவர்களுக்கு வண்டி இல்லை. மருந்துகளை விட்டுவிட்டு வர மனசில்லை. கைவிட்டுக் கிடந்த ஒரு நீராவி ரயில் இன்ஜினைக் கண்டுபிடித்து, பிரிவில் இன்ஜின் தெரிந்தவர்களே நெருப்பு மூட்டி, சாமான்களை ஏற்றி, பாலத்தைத் தகர்ப்பதற்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நம்ம மெக்கானிக்கல் பசங்க கைதட்டலாம்.

இன்னொன்று நானே பார்த்தது. ஒரு கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டுகிறவர் ஒருவருக்குத் தொடை கிழிந்துவிட்டது. சுற்றிலும் நாற்பது பேர், அதில் பட்டம் வாங்கின இன்ஜினியர்கள் ஐந்து பேர். முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு. சாவி ஸ்டோர் கீப்பரிடம், ஸ்டோர் கீப்பர் சாப்பாட்டில். ஒரு சித்தாள் அம்மா தலையில் சும்மாடாக வைத்திருந்த துணியை எடுத்துக் காயத்தில் வைத்து, முழங்கையை ஊன்றி, ஆம்புலன்ஸ் வரும்வரை எடுக்கவே இல்லை. பிழைத்துக்கொண்டார்.

தீபக் சிங்கின் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 2021 நவம்பரில் ஜனாதிபதி கையிலிருந்து அந்த வீர் சக்ராவை வாங்கினார். பிறகு சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்து, 2023 ஏப்ரலில் லெப்டினென்டாக வெளியே வந்தார். முதல் போஸ்டிங் கிழக்கு லடாக். கணவர் இறந்த அதே பக்கம். இதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, சொல்லவும் வேண்டாம்.

தீர்மானத்துக்கு வருகிறேன். கல் நடுவதற்கு நான் எதிரி இல்லை. கல்லுக்கு நன்கொடையும் கொடுத்தாகிவிட்டது. டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் கல்வான் வீரர்கள் 20 பேர் பெயரும் ஏற்கெனவே இருக்கிறது. நம் கல்லில் இரண்டு திருத்தம் வேண்டும் என்கிறேன். ஒன்று, 'போரிட்டு மாண்டவர்' என்று வரைவில் இருப்பதை 'பணியில் உயிர் நீத்தவர்' என்று மாற்றுங்கள். அப்போது நர்சிங் அசிஸ்டெண்டும் சமையல்காரரும் டிரைவரும் அதற்குள் வருவார்கள். இரண்டாவது, கல்லுக்கு ஒதுக்கியதில் பாதியை எடுத்து, ஒவ்வொரு வருஷமும் ஜூன் 15-ஐ ஒட்டி இறுதியாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் முதலுதவிப் பயிற்சி வைப்போம். வெறும் லெக்சர் வேண்டாம். கட்டுப் போட்டு, அழுத்திப் பிடித்து, ஆளைத் தூக்கிப் பழகவேண்டும். கல் கொஞ்சம் சின்னதாகப் போகும், போகட்டும்.

முதல் பயிற்சியைச் சித்தப்பா நடத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அறுபத்தெட்டு வயது, கை இன்னும் நடுங்கவில்லை. பெயர் கொடுக்கிறவர்களுக்காக டிராயிங் ஹால் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தீர்மானம் மூன்று மணிக்கு ஓட்டுக்கு வருகிறது, சாப்பிட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள்.