பிள்ளை கொள்ளிக்கா?



பிள்ளையில்லாதவர்கள் தத்து எடுப்பதைப் பற்றி நாம் இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

பழைய இந்துச் சட்டத்தில் தத்து எதற்கு? செத்தவனுக்குக் கொள்ளி வைக்க, பிண்டம் போட, 'புத்' என்னும் நரகத்திலிருந்து கரையேற்ற! ஆகவே ஆண் பிள்ளைதான் வேண்டும். ஜாதியும் ஒன்றாயிருக்க வேண்டும். பெற்றவர்கள் கையால் கொடுத்தால்தான் தத்து செல்லும் என்றும் வைத்திருந்தார்கள். அப்படியானால் தாய் தகப்பனில்லாத அநாதைக்கு வழியே இல்லை. வீடில்லாத குழந்தைக்குக் கதவை அடைத்துவிட்டு, வீடுள்ள பையனுக்கு இரண்டாவது வீடு கொடுப்பதற்குப் பெயர் தர்மமாம்! 1956-ம் வருஷத்துச் சட்டத்தால்தான் பெண் குழந்தையும் தத்துக்கு உரியதாயிற்று. பெற்றோர் இன்னாரென்று தெரியாத குழந்தைக்கு 1962-ல் வழி பிறந்தது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி எந்த மதத்தாரும் எடுக்கலாம்.

சட்டம் மாறிவிட்டது, மனம் மாறிற்றா? பிள்ளையில்லையென்றால் பழி இன்னும் பெண்ணின் தலையில்தான். புருஷனையும் சோதிக்க வேண்டுமென்று டாக்டர் சொன்னால் இராமேஸ்வரத்துக்கு டிக்கெட் வாங்குகிறார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் தத்து என்று வந்தால், "என்ன ஜாதியோ, யார் பெற்றதோ?" என்கிறாள் மாமியார். ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளுக்கே இரத்தம் ஏற்றும்போது எந்த ஜாதி இரத்தமென்று கேட்டாளா?

மனுப் போட்ட பின் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கர்ப்பத்துக்குப் பத்து மாதமென்று கணக்குண்டு, இதற்கு அதுவுமில்லை. குழந்தையை ஒப்படைத்த தாய் மனம் மாறுவதற்கு 60 நாள் தவணை உண்டு. இதைச் சிலர் குறை சொல்லுகிறார்கள். வறுமைக்கும் ஊர்வாய்க்கும் பயந்து பிள்ளையைக் கொடுத்தவளுக்கு இந்தத் தவணையாவது வேண்டாமா?

குழந்தை வந்த அன்றே பாசம் பொங்கும் என்று நினைக்கிறார்கள். அதுவோ புதுக் கை, புது வாடை கண்டு இராவெல்லாம் அழுகிறது. "பெறாததால்தான் நமக்குப் பாசம் வரவில்லையோ" என்று அந்தப் பெண் உள்ளுக்குள் குமைகிறாள். பெற்றவளுக்கு மட்டும் முதல் நாளே வந்துவிடுகிறதா? பால் கரைத்து, மலம் கழுவி, காய்ச்சலில் கண்விழித்து, கொஞ்சங் கொஞ்சமாக வருவது அது. ஒரு நாள் அந்தக் குழந்தை வேற்றாளைக் கண்டு பயந்து அவள் புடவைக்குள் முகம் புதைக்கும். அன்று அவளே அறிவாள்.

பிறகு மறைக்கிற வேலை. ஊரைவிட்டே குடிபோகிறவர்கள் உண்டு. எங்கே போனாலும், பங்காளிச் சண்டையில் எவனாவது ஒருவன் உடைத்துவிடுவான். இத்தனை வருஷம் பொய் சொன்னார்களே என்றுதான் அப்பிள்ளை அதிகம் நொந்துபோகும். ஆகையால் கதை கேட்கிற வயதிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள் என்பது நமது அபிப்பிராயம். 18 வயதானால் தன் பிறப்பைப் பற்றித் தேடித்தரும்படி அதுவே மனுச் செய்யவும் இன்றைய விதியில் இடமிருக்கிறது.

குழந்தை வேண்டுமென்பவர்கள் தங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் விசாரியுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் பணத்துக்குப் பிள்ளை தருகிறோமென்று சொல்லும் தரகர்களிடம் போகாதீர்கள். விற்றவனோடு வாங்கினவனும் ஜெயிலுக்குப் போக நேரும்.