உட்கார்ந்து படித்தல்: சொல்லும் உடலும்

மொழியியல் பேசவேண்டிய மேடையில் உடல்நலம் எதற்கு என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் எண்ணக்கூடும். பல்கலைக்கழகங்களில் மாணவரும் விரிவுரையாளரும் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறுகின்றனர். அம்முயற்சிக்கு நம் சொற்களிலும் ஒரு தடை உண்டு. அதைப் பற்றியே பேச வந்தோம்.

தமிழில் 'இரு' என்னும் வினை உட்காருதலையும் உளதாதலையும் ஒருங்கே குறிக்கும். 'வந்திருக்கிறான்' என்பதில் அதுவே துணைவினை. 'இருக்கை' என்பது ஆசனம். பழந்தமிழில் வாழிடமும் ஆகும். இன்று பேராசிரியர் பதவியையும் அச்சொல்லாலேயே வழங்குகிறோம். மலாயில் 'டுடுக்' என்றால் உட்காருதல். அதன் அடியாகப் பிறந்த 'கெடுடுகான்' தகுதிநிலையைக் குறிக்கும். நம் நாட்டுத் தமிழ்ச் செய்தித்தாள்களிலோ மாணவர் எஸ்.பி.எம். 'தேர்வில் அமர்கிறார்'.

புக்கிட் பெருந்துங்கைச் சுற்றிய தோட்டப் புறங்களில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, காண்டாவில் வாளி சுமந்து நடந்தவர்கள் நம் முன்னோர். 'நீயாவது உட்கார்ந்து வேலை பார்' என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதில் சோம்பல் இல்லை; நின்று நின்று ஓய்ந்த கால்களின் வேண்டுதல் அது. அப்பிள்ளையின் பிள்ளை இன்று கொமுட்டர் இரயிலில் அமர்ந்து சென்று, விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து, நூலகத்தில் அமர்ந்து, அறைக்குத் திரும்பிக் கணினிமுன் அமர்கிறது. 'எழுந்திரு' என்று அதனிடம் சொல்வது எளிதன்று.

ஆயினும் சொல்லத்தான் வேண்டும். 1953இல் ஜெர்ரி மாரிஸ் குழுவினர், இலண்டன் பேருந்துகளில் அமர்ந்தோட்டிய ஓட்டுநரைவிடப் படியேறி இறங்கிய நடத்துநர்க்கு மாரடைப்புக் குறைவு என்று காட்டினர். (பின்னர் சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்ததும் தெரிந்தது, ஆய்வு என்றால் இப்படித்தான், ஒரு விடை இன்னொரு வினாவை ஈனும்.) 2012இல் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் நடந்தாலே, உணவுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரை குறைந்தது. கால்தசை அசையும்போது சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு. இந்தியரிடையே அது மிக அதிகம். இதைக் கேட்டபின்னும் இருக்கையைப் பெருமையாக மட்டும் கருதவியலுமா?

இனி வகுப்பறை. நம் பள்ளிகளில் நிற்றலுக்கு இரண்டே பொருள்: ஆசிரியர் வந்தால் மரியாதை, பாடம் எழுதாவிட்டால் தண்டனை. அதில் வளர்ந்தவர் பல்கலைக்கழகத்தில் இடுப்பு கடுத்தாலும் தாமாக எழார். எழுந்தால் 'என்ன வேண்டும்?' என்று விரிவுரையாளர் கேட்பார். ஆதலால் அனுமதி வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். இரண்டு மணிநேர விரிவுரையில், 'நிற்க விரும்புவோர் பின்வரிசையில் நிற்கலாம்' என்ற ஒரு தொடர் போதும். தமிழ் வகுப்பிலோ வழி இன்னும் எளிது: செய்யுளை எல்லாரும் எழுந்து நின்று ஓதலாம், ஓசையும் நன்றாக வரும்.

விரிவுரையாளர் வகுப்பில் நிற்பவர்தாம். ஆனால் விடைத்தாள் திருத்தும் வாரங்களில் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வார். ஆய்வு மாணவருடன் பேசுவதை நடைவழியில் நடந்தபடி வைத்துக்கொள்ளலாம். நாள்முழுதும் நிற்பதும் மருந்தாகாது. காலில் நரம்பு சுருட்டிய முதியோர் தோட்டங்களில் பலர். இடையிடையே எழுவதே வேண்டுவது.

தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயில்வோர் நாளைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். 'அசையாமல் உட்கார்' என்னும் ஆணையை அவர்கள் எவ்வளவு குறைப்பார்கள் என்பதை ஆவலோடு பார்த்திருப்போம்.

இனி வினாக்கள். கேட்க விரும்புவோர் எழுந்து கேட்கலாம். கேட்க ஏதும் இல்லாதோரும் எழலாம்.