செக்ரோலில் ஏறாத பெயர்கள்

(ஈப்போவில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

மறந்துபோன பெண் எழுத்தாளர்களைத் தேடுவது தொழிற்சங்கத்தின் வேலையா, சம்பளப் பிரச்சினையைக் கவனிக்கவே நேரம் போதவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே செல்கிறேன்.

சங்கம் கேட்கும் முதல் நியாயம் எது? உழைத்தவர் பெயர் கணக்கில் ஏற வேண்டும் என்பதே. செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. பெரட்டுக்கு நின்றவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பால் மரம் வெட்டிய கைதான் கதையும் எழுதியது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய வாய்தான் பாட்டும் கட்டியது. அதுவும் உழைப்புத்தானே? அந்த உழைப்புக்கு மட்டும் பெயர் ஏற வேண்டாமா?

இலங்கை மலைநாட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். தஞ்சைச் சீமையிலிருந்து அங்கே சென்ற கோ. நடேசய்யர் 1924-இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931-இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். 1936-இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றார். 1947-இல் மறைந்தார். அவரை அறிந்தவர்கள் உண்டு. ஆனால் அவர் மனைவியார் மீனாட்சியம்மையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அந்த அம்மையார் பத்திரிகை வேலையில் கணவருக்குத் தோள் கொடுத்தார். தோட்டத்துக் கூட்டங்களில் பாடினார். எழுத்துத் தெரியாத தொழிலாளிக்குத் துண்டுப் பிரசுரத்தால் என்ன பயன்? ஆகவே எல்லோரும் அறிந்த மெட்டுகளிலேயே சங்கத்தின் கோரிக்கைகளைப் பாட்டாக்கினார். 1939-இல் இலங்கைச் சர்க்கார் தன் இலாகாக்களில் தினச் சம்பளத்துக்கு இருந்த இந்தியர்களை வெளியேற்ற முற்பட்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அந்த 1940-இல்தான் அம்மையாரின் பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் நூலாக வெளிவந்தன. நாட்டு நிலவரத்தைப் பாட்டிலே சொன்ன பெண் அவர்.

அப்படிப்பட்டவர் மறக்கப்பட்டது எப்படி? பாட்டு நூல்கள் மெல்லிய தாளில் அச்சானவை. பாதுகாத்து வைப்பவர் குறைவு. வரலாறு எழுதியவர்கள் தலைவரைப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்றவரைப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டைக் கேட்ட ஜனங்களே சிதறிப் போனார்கள். 1948-இல் வந்த பிரஜா உரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. கேட்டவர்கள் கப்பலேறினால் பாட்டு எங்கே தங்கும்?

அந்தப் பழைய ஏடுகளைத் தேடி எடுத்து, 1988-இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்ற நூலை வெளியிட்டவர் சாரல் நாடன். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். தோட்டத்து மனிதரே தோட்டத்து வரலாற்றைத் தேடினார். அவரால் முடிந்தது நம்மாலும் முடியும்.

நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். சித்தியவான் பகுதித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் முத்தம்மாள் பழனிசாமி. கொங்கு நாட்டிலிருந்து வந்த தம் குடும்பத்தின் கதையை முதலில் ஆங்கிலத்திலும், பிறகு 'நாடு விட்டு நாடு' என்று தமிழிலும் எழுதினார். கேட்டு வளர்ந்த நாட்டுப்புறப் பாடல்களையும் தொகுத்து நூலாக்கினார். தம் குடும்பத்து வேரைத் தாமே எழுதி வைத்த பெண்மணி அவர். எழுதாமல் போனவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்காக நாம்தான் எழுத வேண்டும்.

எப்படித் தேடுவது? கிராணி என்ற முறையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். செக்ரோலில் தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். ஒரே முனியம்மாள் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பாள். கல்யாணத்துக்கு முன் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பின் புருஷன் பெயரின் முதலெழுத்து. பத்திரிகையிலோ புனைபெயர். ஆகையால் ஒரு பெண்ணை மூன்று பெயரிலும் தேட வேண்டும்.

இரண்டாவது, ஊர். தாத்தா "சேலம் ஜில்லா" என்று சொல்லியிருப்பார். நாமக்கல் 1997-இல் தனி மாவட்டம் ஆயிற்று. "கோயம்புத்தூர் ஜில்லா" என்றால் ஈரோடாக இருக்கலாம். அது 1979-இல் பிரிந்தது. "தென்னார்க்காடு" 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாயிற்று. ஜில்லாவை மட்டும் நம்பாதீர்கள். குலதெய்வம், பக்கத்துச் சந்தை, ஆற்றின் பெயர் ஆகியவற்றைக் கேளுங்கள்.

மூன்றாவது, தாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர், சங்கச் சந்தாப் புத்தகம், போட்டோவின் பின்பக்கம் எதையும் குப்பையில் போடாதீர்கள். 1924 முதல் 2019 வரை வந்த 'தமிழ் நேசன்', 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவற்றின் பழைய இதழ்களைப் புரட்டுங்கள். முரசு நெடுமாறன் தொகுத்து 1997-இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' நூறாண்டுக் கவிதைகளைக் கொண்டது. அதில் பெண்கள் பெயர்களைப் பட்டியல் எடுத்து, அவர்கள் எந்தத் தோட்டத்தார், எந்த ஊரார் என்று விசாரிப்பதே நல்ல தொடக்கம்.

ஒரு பாட்டியிடம் பாட்டு கிடைத்தால், உடனே "ஆசிரியர் தெரியவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். யாரிடம் கற்றீர்கள், எந்தத் தோட்டத்தில், எந்த வேலை நேரத்தில் என்று கேளுங்கள். கட்டியவர் பெயர் வந்தாலும் வரலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேர் தேடுகிறோம் என்று சாதிப் பெருமை தேடக் கிளம்பிவிடக் கூடாது. லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்களைப் பிரிக்கவா இந்த வேலை? குடும்பத்தார் வெளியே சொல்ல விரும்பாத துயரமும் இருக்கும். அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு வரியும் அச்சேறக் கூடாது.

தோழர்களே! ரப்பர் நின்ற காடுகளில் இன்று செம்பனை நிற்கிறது. பல லயங்கள் இடிந்துவிட்டன. ஜனங்கள் ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் கோலாலம்பூருக்கும் குடிபோய்விட்டார்கள். விவரம் தெரிந்த தாய்மார்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சம்பள பாக்கியை வழக்காடி வாங்கலாம். போனவர் நினைவை எந்தக் கோர்ட்டிலே வாங்குவது?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எழுதத் தெரிந்த ஓர் இளைஞரையும், கூடவே ஒரு பெண் தோழரையும் நியமியுங்கள். பெயர், தோட்டம், பிறந்த ஊர், பாடியது அல்லது எழுதியது, சொன்னவர், சொன்ன தேதி என்று ஆறு பத்தி போதும். அடுத்த மாதக் கூட்டத்தில் சந்தாக் கணக்கோடு இந்தக் கணக்கையும் கொண்டு வாருங்கள்.