மாட்டின் மூக்கடைப்பும் கண்மாய் நத்தையும்

(வ. புதுப்பட்டியில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கூலியைப் பற்றிப் பேச வந்தவர்கள் நத்தையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் சிரிக்கலாம். நடவு முடிந்து கரையேறியதும் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டே வீடு திரும்பும் தாய்மார்கள் சிரிக்க மாட்டார்கள். கடன் வாங்கிப் பிடித்த மாடு மூக்கடைத்துக் குறட்டை விட்டு இளைத்துப் போவதைக் கண்டவர்களும் சிரிக்க மாட்டார்கள்.

மாடு குறட்டை விட்டால் சளி என்று விட்டுவிடுகிறோம். காரணம் பலவாக இருக்கலாம். அதில் ஒன்று புழு. மூக்கின் ரத்தக் குழாயில் புழு குடியிருக்கிறது. மூக்கினுள்ளே காலிபிளவர் பூவைப் போல் சதை வளர்கிறது. இந்தப் புழுவை உலகத்துக்கு அறிவித்தவர் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எம்.ஏ.என். ராவ். ஆண்டு 1933.

புழு மாட்டுக்கு எப்படி வருகிறது? மாட்டின் மூக்குச் சளியோடு முட்டை தண்ணீரில் விழுகிறது. குஞ்சு வெளிவந்து, சில மணி நேரத்துக்குள் ஒரு நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும். கண்மாயிலும் வாய்க்காலிலும் தட்டைச் சுருளாக ஊர்கிறதே, அந்த நத்தைதான் அதற்கு வீடு. உள்ளே புகுந்த ஒரு குஞ்சு ஆயிரக்கணக்காகப் பெருகி வெளியே வந்து மாட்டின் தோலைத் துளைக்கிறது.

இதே நத்தையில் வளரும் இன்னொரு மாட்டுப்புழு மனிதத் தோலையும் துளைக்கும். அங்கேயே செத்துவிடும், ஆனால் அரிப்பும் தடிப்பும் மிஞ்சும். மலாய் நாட்டு நெல் வயல்களில் இதைக் கண்டு 1938ல் பக்ளி என்ற விஞ்ஞானி எழுதினார்.

இதில் உஷ்ணத்தின் வேலை என்ன? மில் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூற்பு இலாகாவில் உஷ்ணமும் ஈரமும் சரியாக இல்லாவிட்டால் இழை அறும். நத்தைக்கும் அப்படித்தான். தண்ணீர் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். முட்டை விரைவில் பொரிக்கும். உள்ளே இருக்கும் புழுவும் சில வாரங்களில் முதிரும். குளிர்ந்தால் அதே வேலை மாதக்கணக்கில் இழுக்கும். 15 டிகிரிக்குக் கீழே அநேகமாக நின்றுவிடும். 35க்கு மேல் நீடித்தால் நத்தை முட்டையிடுவது குறையும், சாவும் கூடும்.

"அப்படியானால் வெயில் ஏறட்டும், நத்தை ஒழியட்டும்!" என்று சொல்லலாமா? கூடாது. ஆகாயத்தாமரையின் நிழலில் தண்ணீர் அவ்வளவு சுடாது. கண்மாய் வற்றினால் நத்தை சேற்றில் புதைந்து சில காலம் உயிர் தாங்கும். மழை வந்ததும் மேலே வரும். தவிர, வற்றும் காலத்தில் மாடும் மனிதனும் நத்தையும் ஒரே குட்டையில்தான் கூடுகிறோம். வெயில் நமக்குக் கூலியில்லாமல் வேலை செய்யாது, தோழர்களே!

சீனத்தைப் பாருங்கள். அங்கே வேறொரு நத்தை, மனிதனையே கொல்லும் வேறொரு புழு. ஜனவரியில் சராசரி வெப்பம் பூஜ்ய டிகிரிக்குக் கீழே போகும் வடபகுதியில் அந்த நத்தை தங்குவதில்லை. தெற்கே, ஜியாங்சி மாகாணத்து யூஜியாங் வட்டத்தில், குளிரை நம்பி ஜனங்கள் உட்கார்ந்திருக்கவில்லை. மண்வெட்டியோடு இறங்கினார்கள், நத்தை மண்டிய பழைய வாய்க்கால்களை மூடிப் புதியவை வெட்டினார்கள். 1958ல் அந்த வட்டத்தில் நோய் ஒழிந்ததென்று அறிவித்தார்கள். இன்று பூமி சூடேறி வருவதால், குளிர்ந்த வடக்கும் நத்தைக்கு இடம் கொடுத்துவிடுமோ என்று விஞ்ஞானிகள் கவலைப்படுகிறார்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன? நடவு வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலில் மாடு குளிப்பாட்ட வேண்டாம். மாட்டுக்குத் தொட்டியில் தண்ணீர் காட்டுவோம். வாத்து நத்தையைத் தின்னும், வளர்க்கலாம். துருசைக் கொட்டினால் நத்தையோடு மீனும் சாகும், அது வேண்டாம். வயலை விட்டு ஏறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி உடனே துடையுங்கள். மாடு குறட்டை விட்டால் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் சென்று, மூக்குச் சளியைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் கேட்க வேண்டியதும் உண்டு. வாய்க்காலில் பாசியும் செடியும் மண்டினால் அதை வாருவது யார் பொறுப்பு? நடவு நட்ட கூலிக்காரியின் பொறுப்பா? மழைக்கு முன்னால் வாய்க்கால் மராமத்து, கரையில் மாட்டுத் தொட்டி, ஊருக்கு வந்து மாட்டைப் பார்க்கும் டாக்டர் - இந்த மூன்றையும் மனுவாக எழுதி, வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கி, ஊராட்சியில் சேர்ப்போம்.

நத்தை மெதுவாகத்தான் நகரும். நாம் அதைவிட மெதுவாக நகரக் கூடாது!